பொருத்தனைக் கிடாவின் முடி

ஆடு உடம்பைச் சொறிவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு விரலிடுக்கு அரிக்கிறது. உடனே எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வருவேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

வத்திராயிருப்புக்கும் கூமாப்பட்டிக்கும் நடுவில், மலையடியில் எங்கள் தெரு. எல்லாம் வேதக்கார வீடுகள், கிறிஸ்தவர்கள். ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கோயில், முன்னால் ஒரு கொடிமரம். சாமியார் மாதம் ஒரு தடவை பூசைக்கு வருவார். வீட்டுக்கு இரண்டோ நாலோ வெள்ளாடு உண்டு. காலையில் மேய்ச்சல்காரர் தெருவோடு குரல் கொடுத்துக்கொண்டே போவார். எல்லா ஆடும் அவர் பின்னால் மலையடிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் அதது வீட்டுக்குத் திரும்பிவிடும்.

என் வீட்டில் நான் ஒருத்திதான். மாமனார் மாமியார் கிடையாது, பிள்ளையும் இல்லை. வீட்டுக்காரர் ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். கல்யாணமான பிறகு அவரோடு சேர்ந்து இருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அப்போது நான் தனியாக இருந்ததாக நினைத்தது கிடையாது. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் ரங்கூனில்தான் இருந்தார்கள். கடுதாசி வந்தால் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி, மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அதனால் என் வாசலில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஒரே கடுதாசியை மூன்று தடவை வாசிக்கச் சொல்வார்கள். எரிச்சலாக இருக்கும். "நான் என்ன உங்க வீட்டுச் சம்பளக்காரியா?" என்று கேட்டுக்கொண்டே நாலாவது தடவையும் வாசிப்பேன்.

பிறகு யுத்தம் வந்து ரங்கூனில் குண்டு விழுந்தது. கடுதாசி நின்றது. காடு மலையெல்லாம் நடந்தே சிலர் ஊர் வந்து சேர்ந்தார்கள், சிலர் வரவில்லை. வாசிக்க ஒன்றும் இல்லை என்றானதும் என் வாசலுக்கு வர யாருக்கும் ஒரு காரணமும் இல்லாமல் போனது. யார்மேலும் குற்றமில்லை. அவரவருக்கு அவரவர் பாடு.

வீட்டுக்காரரோடு ஒரே ஆலையில் இருந்தவர் ஒருவர் இராஜபாளையம் வந்து சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். காலெல்லாம் துணி சுற்றிப் படுத்திருந்தார். "ஆத்தங்கரை வரைக்கும் ஒண்ணாத்தாம்மா வந்தோம். பொறவு கூட்டத்துல பாக்கல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்காரி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த பூசை நாளில் பொருத்தனை பண்ணினேன். எங்கள் கோயிலில் இருப்பவர் காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதர். என் ஆடு ஈன்ற கிடாக்குட்டி ஒன்று, கறுப்பில் நெற்றி மட்டும் வெள்ளை. அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுரூபத்தின் முன்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் நடந்து வந்து வாசலில் நிற்கிற அன்றைக்கு இதை அறுத்து, தெருவுக்கே அசனச் சோறு போடுவேன். அதுவரைக்கும் என் கையால் இதைக் கட்ட மாட்டேன், காயடிக்க விட மாட்டேன், இதன்மேல் ஒரு முடியில்கூட கத்தரி வைக்க மாட்டேன். பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு மதினி "ஆமென்" என்றாள். எனக்கு எட்டு வயது மூத்தவள். உறவு கிடையாது, பக்கத்து வீடு என்பதால் மதினி. என் வீட்டுக்காரரைத் தம்பி என்பாள்.

கிடாவின் கழுத்தில் நீல நாடாவில் அந்தப் புனிதர் உருவம் பதித்த பித்தளைச் சுரூபம் ஒன்றைக் கோத்துக் கட்டினேன். அன்றையிலிருந்து அது தெருவுக்குப் பிள்ளையாகிவிட்டது. எந்த வீட்டுக் கஞ்சிப்பானையிலும் வாய் வைக்கும், யாரும் அடிக்க மாட்டார்கள். எந்தக் கொட்டிலில் படுத்தாலும் அந்த வீட்டுக்குப் பெருமை. பெட்டையாடு இருக்கிற வீட்டுக்காரர்கள் அதைக் கூப்பிட்டே கொண்டுபோவார்கள். தின்றுதின்று கன்றுக்குட்டி மாதிரி ஆனது. எங்கள் பக்கம் மழைக்கு முன்னால் கிடாக்களுக்கு முடியைக் கத்தரித்து வேப்பெண்ணெய் தேய்ப்பார்கள். இதற்கு யார் தேய்ப்பது? தாடி நெஞ்சைத் தொட்டது, தொடை முடி முழங்கால் வரைக்கும் தொங்கியது.

முடி வாங்குகிற வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. கொடிமரத்தின் அடியில்தான் கிடா முதுகை உரசும். அங்கே ஒட்டியிருந்த முடியை எடுத்து யாரோ நோஞ்சான் குட்டியின் கழுத்தில் கட்ட, அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது போலிருக்கிறது. அவ்வளவுதான். பால் குறைந்தாலும், குட்டி ஊட்டாவிட்டாலும், கண்ணேறு பட்டாலும் பொருத்தனைக் கிடாவின் முடி என்றானது. கத்தரிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது, தானாக உதிர்ந்ததுதான் வேண்டும். உதிர்ந்ததைப் பொறுக்கி வைக்க நான் இருந்தேன். ஒரு கொட்டாங்கச்சி நிறைய வைத்திருப்பேன். கேட்டு வருகிறவர்களை உட்காரச் சொல்லி, நீல நூலில் சுற்றிக் கொடுப்பேன்.

மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. முடி வாங்க வந்தவள் செத்த நேரம் உட்காருவாள். "தம்பிகிட்டருந்து ஏதும் தகவல் உண்டுமா?" என்று ஒப்புக்காவது கேட்பாள். கிடா இல்லாவிட்டால் அதையும் யார் கேட்கப்போகிறார்கள்? நூல் சுற்றுவதை நான் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை கடைசி வரை விடவில்லை. ஆடுகள் மலையடிக்குப் போக முடியாமல் ஒழுகுகிற கொட்டில்களில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. தழை கிடையாது, ஈரத்தில் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து ஒரே நாற்றம். அப்போதுதான் சொறி ஆரம்பித்தது. முதலில் காது ஓரத்தில் தவிட்டைத் தூவினாற்போல் வெளுக்கும். பிறகு கண்ணைச் சுற்றி, அக்குளில், தொடையிடுக்கில் முடி கொட்டும். தோல் தடித்து வெடித்துப் பொருக்குத் தட்டும். ஆடு தின்பதை விட்டுவிட்டு நாளெல்லாம் தூணில் உரசிக்கொண்டே நிற்கும். தெருவில் எங்கே பார்த்தாலும் தேய்க்கிற சத்தம்.

அறுப்புக்குப் பிறகு வயலில் கிடை போட வருகிற வெளியூர்ச் செம்மறிகள்தான் கொண்டுவந்து விட்டன என்றார் மேய்ச்சல்காரர். எல்லோரும் அதையே சொன்னோம். செம்மறி போய் ஆறு மாதம் ஆகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கிடாவின் முதுகிலும் பொருக்கு இருந்தது. அவ்வளவு முடிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது? பார்த்த நானும் அதைத் தெருவில் புரண்டதில் ஒட்டிய சேறு என்றே சொல்லிக்கொண்டேன்.

என் குட்டி ஒன்று நிற்கக்கூட முடியாமல் போனபோது அதைக் கூடையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய காலம். கண்டக்டர் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஜன்னல் ஓரமா வேணுமா?" என்றான். "உனக்கு அம்புட்டு கரிசனம்னா உன் மடியில வச்சுக்கோ" என்றேன். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் பஸ் மூச்சுத் திணறி நின்றது. குட்டி என் புடவையைச் சப்பிக்கொண்டே வந்தது.

மடவார் வளாகத்துப் பக்கம் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் கேம்ப் போயிருந்தார், கம்பவுண்டர்தான் இருந்தார். தலையில் குல்லா, மூக்கு நுனியில் கண்ணாடி. குட்டியின் காதைப் புரட்டிப் பார்த்தவர், கழுத்தில் கிடந்த நீல நூலைப் பிடித்துத் தூக்கினார்.

"இதென்னம்மா?"

"எங்க கோயில் கிடாவோட முடி. நல்லதுக்குக் கட்டியிருக்கு."

நூலை அறுத்து, அந்த முடியை ஒரு கறுப்புக் காகிதத்தில் உதறினார். தவிடு மாதிரி பொருக்கு விழுந்தது. அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது, காகிதத்தைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தார். செத்த நேரம் கழித்துப் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "பாரு" என்றார். பார்த்தேன். பொருக்கு நகர்ந்தது. ஊசிமுனையைவிடச் சின்னதாக, வெள்ளை வெள்ளையாக, நாலைந்து புள்ளிகள் வெயிலில் ஊர்ந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எத்தனை வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுத்தேனோ அத்தனை வீடும் அந்தக் காகிதத்தில் தெரிந்தன.

"உண்ணின்னா காட்டுப் புல்லுல இருந்து ஏறும். இது அப்படி இல்ல தாயி. ஆட்டுல இருந்து ஆட்டுக்குத்தான். ஒட்டிப் படுத்தா ஏறும், ஒரே தூணுல ஒரசுனா ஏறும். கொட்டில் நனைஞ்சு கெடந்து, ஆடும் வயிறு காஞ்சு கெடந்தா சட்டுனு பரவும். முடி அடர்த்தியா இருந்தா அதுக்கு ரொம்ப வசதி. வீடு வீடாப் போற ஆடு ஏதும் உண்டா உங்க தெருவுல?"

"உண்டு."

"அதுக்கு முதல்ல முடியை ஒட்ட வெட்டு. வெட்டுனதை எரிச்சிரு. பொறவு எல்லா ஆட்டுக்கும் வெட்டி, கந்தகத்தைப் புங்கெண்ணெயில குழைச்சுத் தேய்க்கணும். வாரம் ஒருக்க, மூணு வாரம். கொட்டில் மண்ணைச் சுரண்டிக் கொட்டி, தூணுக்குச் சுண்ணாம்பு அடிங்க. ஒரு ஆட்டை விட்டாலும் பட்ட பாடெல்லாம் வீண்."

"அது பொருத்தனைக் கிடாங்க. வீட்டுக்காரர் வாறவரைக்கும் கத்தரி வைக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர்ந்ததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா பூச்சிக்கு அதெல்லாம் தெரியாதே தாயி" என்றார். கந்தகப் பொட்டலத்தை மடித்துக் கூடையில் வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கடைக்குட்டி, எட்டு மாதப் பிள்ளை. பெற்ற கையோடு காய்ச்சல் வந்து அவளுக்குப் பால் வற்றிவிட்டது. அவள் வீட்டு ஒற்றை ஆட்டின் பாலில்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தது.

"எங்கடி போன? ஆட்டுக்குக் காதோரம் வெளுத்திருக்கு. நல்ல முடியாப் பாத்து ரெண்டு குடு" என்றாள்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் படியில் உட்கார்ந்து, "தம்பி வந்தா அசனத்துக்கு நான்தான் சோறு வடிப்பேன், வேற எவளையும் கிட்ட விட மாட்டேன் பாத்துக்கோ" என்றாள். அவர் வருவார் என்பதைப் போலப் பேச உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். கிடாவில் குற்றம் என்று சொன்னால் அந்தப் பேச்சும் நின்றுபோகும். நான் கொட்டாங்கச்சியை எடுத்தேன். பூச்சி இருக்கிறது என்று தெரிந்தே, நீல நூலில் சுற்றி, அவள் கையில் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பாவம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட ரொம்ப வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

என் ஆடுகளுக்கு மட்டும் சத்தமில்லாமல் முடி வெட்டிக் கந்தகம் தேய்த்தேன். பத்து நாளில் ஆறி வரும். கிடா ஒரு தடவை வந்து கூடப் படுத்துவிட்டுப் போனால் போதும், மறுபடி அரிப்பு ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன குட்டி செத்துப்போனது. இனி யாருக்கும் முடி கிடையாது, தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவர்கள் நேரே கொடிமரத்துக்குப் போய் எடுத்துக்கொண்டார்கள். வாக்கை மீறிக் கிடாவைக் கட்டியும் பார்த்தேன். தண்ணீர் எடுத்துவிட்டு வருவதற்குள் யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். மதினிதான்.

"நேந்து விட்டதைக் கட்டலாமாட்டி? தம்பி நல்லபடியா வர வேண்டாமா?" என்று என்னைத் திட்டினாள். கிடாவைத் தடவிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதே கையால் போய்த் தன் ஆட்டின் மடியையும் தடவினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்கழி பிறக்கும்போது அவள் ஆட்டுக்குக் கண்ணைச் சுற்றிலும் தோல் மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. மடியில் ஒரு சொட்டு இல்லை. பிள்ளைக்குச் சோற்றுத்தண்ணி கொடுத்தார்கள், அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். பிள்ளை அழுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் சும்மா முனகத் தொடங்கியது. அது இன்னும் மோசம்.

கெட்டது கெட்டுப்போகட்டும் என்று எழுந்து போனேன். காகிதம், பூதக்கண்ணாடி, ஊர்ந்த புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். மதினி பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, இது உனக்கு எப்போ தெரியும்?"

"குட்டியத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே."

"நான் முடி வாங்க வந்தது?"

"அன்னைக்குச் சாயங்காலம்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. என் ஆட்டில் பாலைக் கறந்து, காய்ச்சி, அவள் வாசலில் வைத்துவிட்டு வருவேன். செம்பு காலியாகத் திரும்ப என் வாசலில் இருக்கும். எடுக்கிறவளையும் பார்க்க மாட்டேன், வைக்கிறவளையும் பார்க்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில், மேய்ச்சலுக்கு ஆடு கிளம்புகிற நேரம், கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்துவந்து கொடிமரத்தில் கட்டினேன். கந்தகம் குழைத்த சட்டியும் கத்தரியும் பக்கத்தில் வைத்தேன். தெரு கூடிவிட்டது. விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். பாதிப்பேர் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம், கிடாமேல் பழி போடுகிறாள் என்றார்கள். மேய்ச்சல்காரர் மட்டும் தன் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அரிப்பு இருந்தது. கூட்டத்தில் யாரோ, "அப்போ புருஷன் வர வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாளாக்கும்" என்றார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். அந்தக் கேள்வியைத்தான் ஒரு மாதமாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குனிந்து, முதுகில் ஒரு பிடி முடியை எடுத்துக் கத்தரியைத் திறந்தேன். கத்தரி மூடவில்லை. விரல் மடங்கினால்தானே? இதை வெட்டினால் அவர் இல்லை. வெட்டாவிட்டால் இந்தத் தெருவில் ஒரு ஆடு மிஞ்சாது, அந்தப் பிள்ளையும்... எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கிடா பாவம், சாதுவாக என் புறங்கையை நக்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதினி வந்தாள். "இந்தா, புள்ளையப் பிடி" என்று பிள்ளையை என்மேல் போட்டாள். போட்ட வேகத்தில் கத்தரியை விட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவள் கத்தரியை எடுத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, நடுமுதுகில் வைத்து ஒரே வெட்டு.

"நீ ஒண்ணும் வெட்டல. நேந்தது நீ, உன் வாக்கு உன்கிட்டயே இருக்கட்டும். தம்பி வந்து கேட்டா மதினிதான் வெட்டுனான்னு சொல்லு. என்கிட்ட வந்து கேக்கட்டும் அவன்" என்றாள்.

முழுக் கிடாவையும் அவளே வெட்டி முடித்தாள். முடி போன பிறகு பார்த்தால் அது அவ்வளவு பெரிய கிடாவே இல்லை. விலா எலும்பு எண்ணிவிடலாம், தோலெல்லாம் புண். பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மேய்ச்சல்காரர் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார். முடியை அங்கேயே கொளுத்தினோம். மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராகத் தங்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளை என் தோளிலேயே தூங்கிவிட்டது.

தை முடிவதற்குள் சொறி விட்டது. மதினியின் ஆடு அடுத்த ஈற்றுக்குத்தான் கறந்தது. அதுவரைக்கும் பிள்ளை என் வீட்டுப் பாலைக் குடித்தது. முடி கேட்டு யாரும் வரவில்லை. வாசல் பழையபடி காலி. மதினி என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும், மழைக்கு முன்னால், தானே கத்தரியோடு வருவாள். கிடாவைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை. கத்தரி அவள் கையை விட்டு என் கைக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

கிடா கிழடாகித் தானாகச் செத்தது. கழுத்துச் சுரூபத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் வந்து கேட்டால் அவள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷம் ஞாபகமாக வைத்திருந்தேன். கேட்க அவர் வரவில்லை.